அரை மணி நேரம் ஓடி நின்றுபோகும் பவர் டில்லர்: பம்பைக் கழற்றும் முன் டேங்க் மூடியைப் பாருங்கள்

கேள்வி: ஐயா, கோபிசெட்டிபாளையம் பக்கம் மஞ்சளும் வாழையும் வைத்திருக்கிறேன். 12 குதிரைத் திறன் கொண்ட டீசல் பவர் டில்லர் ஒன்றைப் பழைய வண்டியாக வாங்கி ஓட்டிக்கொண்டிருக்கிறேன். மழைக்காலத்தில் மூன்று மாதம் கொட்டகையில் சும்மா நின்றது. இப்போது காலையில் ஒரே சுற்றில் ஸ்டார்ட் ஆகிறது. ரோட்டரி போட்டு அரை மணி நேரம் உழுததும் சத்தம் ஏறி ஏறி இறங்கி நின்றுவிடுகிறது. இருபது நிமிடம் விட்டால் மறுபடியும் ஓடுகிறது. டீசல் ஃபில்டரை மாற்றிவிட்டேன், பயனில்லை. பம்ப், நாசில் இரண்டையும் மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். மாற்றலாமா?

பதில்: இப்போதைக்கு மாற்ற வேண்டாம். டீசலை அழுத்தி அனுப்புவது பம்ப், அதை எஞ்சினுக்குள் பீய்ச்சுவது நாசில். நீங்கள் சொல்லும் அறிகுறிகள் பம்ப் தேய்ந்ததற்கானவை போலத் தெரியவில்லை. பம்புக்குப் போதுமான டீசல் வந்து சேரவில்லை என்றுதான் படுகிறது. இந்த எஞ்சினில் டேங்க் மேலே இருக்கிறது. டீசல் தன் எடையிலேயே இறங்கி, காக் (டீசலைத் திறந்து மூடும் திருகு), ஹோஸ், ஃபில்டர் வழியாகப் பம்புக்கு வருகிறது. இழுத்துக் கொடுக்கத் தனியாக ஃபீட் பம்ப் கிடையாது. அதனால் வழியில் சின்ன அடைப்பு இருந்தாலும் எஞ்சின் தவித்துப்போகும். டேங்க் மூடியில் ஆரம்பித்து நாசிலை நோக்கி வரிசையாகப் பார்த்துக்கொண்டே வாருங்கள். நாசிலில் ஆரம்பித்தால் செலவும் அங்கிருந்துதான் ஆரம்பிக்கும்.

முதல் சோதனைக்குக் காசும் ஸ்பேனரும் வேண்டாம். அடுத்த முறை எஞ்சின் தடுமாற ஆரம்பித்ததுமே டேங்க் மூடியைத் திருகித் திறந்துவிடுங்கள். ‘உஸ்’ என்று காற்று உள்ளே போகும் சத்தம் கேட்டு, எஞ்சின் தானாகவே சீராகிவிட்டால் கோளாறு மூடியில்தான். டீசல் இறங்க இறங்க அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். அதற்காக மூடியில் ஒரு சின்னத் துளை இருக்கும். அது அடைத்துக்கொண்டால் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, டீசல் இறங்காமல் நின்றுவிடும். எஞ்சினை நிறுத்தி இருபது நிமிடம் விட்டால் மரை இடுக்கு வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்று கசிந்து உள்ளே போய்விடும். மறுபடி அரை மணி நேரம் ஓடும். நீங்கள் எழுதியிருப்பது அப்படியே இதுதான்.

மழைக்காலத்தில் கொட்டகையில் நிற்கும் வண்டியில் இந்தத் துளையைக் குளவி மண் வைத்து அடைத்திருப்பது சாதாரணமாக நடப்பதுதான். குளவி இல்லாவிட்டால் புழுதியும் டீசலும் சேர்ந்து பிசின் மாதிரி இறுகியிருக்கும். மூடியைக் கழற்றி டீசலில் ஊறவைத்து, மெல்லிய கம்பியால் குத்தி, ஊதிப் பாருங்கள். காற்று தாராளமாகப் போக வேண்டும். அவசரத்தில் டிரில் போட்டுப் பெரிய ஓட்டையாக்கிவிடாதீர்கள். மழைத் தண்ணீரும் புழுதியும் நேரே டேங்குக்குள் போகும்.

இன்னொன்றையும் கவனித்துச் சொல்லுங்கள். டேங்க் நிறைய டீசல் இருக்கும்போது சீக்கிரம் நிற்கிறதா, பாதி இருக்கும்போதா? மூடித் துளை அடைத்திருந்தால் நிறைய இருக்கும்போதுதான் சீக்கிரம் நிற்கும். மேலே காற்றுக்கு இடம் குறைவு என்பதால் வெற்றிடம் வேகமாக ஏறிவிடும். டேங்குக்கு அடியிலோ குழாயிலோ அடைப்பு என்றால் இதற்கு நேர்மாறு. டீசல் மட்டம் இறங்கும்போது தள்ளும் எடையும் குறைவதால், பாதி டேங்கில்தான் தகராறு அதிகமாகும். இந்த ஒரு விவரமே பாதி வேலையை முடித்துவிடும்.

மூடி சரியாக இருக்கிறது என்றால் டீசல் ஓட்டத்தைப் பாருங்கள். எஞ்சினை நிறுத்தி ஆறவிட்டு, பம்புக்குள் நுழையும் இடத்தில் ஹோஸைக் கழற்றி, ஒரு சுத்தமான கண்ணாடி பாட்டிலுக்குள் விடுங்கள். இங்கேதான் பலரும் ஏமாந்துபோகிறார்கள். ஐந்து விநாடி விட்டுப் பார்த்து, டீசல் நன்றாகத்தானே வருகிறது என்று திரும்ப மாட்டிவிடுகிறார்கள். மூடியைப் போட்டபடியே பத்து நிமிடம் ஓடவிட வேண்டும். ரோட்டரி உழவில் உங்கள் எஞ்சின் மணிக்குச் சுமார் ஒன்றரை லிட்டர் குடிக்கும். அதாவது நிமிடத்துக்கு 25 மில்லிதான். அடைப்பில்லாத வழியில் அதைப் போலப் பல மடங்கு வரும். முதலில் நன்றாக வந்து, போகப்போக நூலாகி, சொட்டாகக் குறைந்தால், ஏதோ ஒன்று மெல்ல நகர்ந்து வந்து வாயை அடைக்கிறது என்று அர்த்தம். ஓட்டம் நின்றதும் அது விலகி அடியில் படிந்துவிடும். அதனால்தான் காலையில் எந்தக் குறையும் தெரிவதில்லை.

அந்தப் பாட்டிலை மூடி ஓர் இரவு அசையாமல் வையுங்கள். தண்ணீர் டீசலைவிடக் கனம் என்பதால் அடியில் தனியாகத் தங்கிக் கோடு போட்டதுபோலப் பிரிந்து தெரியும். தண்ணீருக்கும் டீசலுக்கும் நடுவே பழுப்பாகவோ கறுப்பாகவோ கொழகொழவென்று ஒரு படலம் தெரிந்தால் நுண்ணுயிர் வளர்ந்திருக்கிறது. பாதி காலியாக மூன்று மாதம் நின்ற டேங்கில் இது வரக்கூடியதுதான். மழைக்கால ஈரக்காற்று உள்ளே போய், ராத்திரிக் குளிரில் தகட்டில் வியர்த்து, சொட்டுச் சொட்டாக அடியில் சேர்கிறது. புது ஃபில்டர் போட்டும் பயனில்லாமல் போனதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். டேங்கில் அழுக்கை வைத்துக்கொண்டு ஃபில்டரை மட்டும் மாற்றினால் சில நாளில் அதுவும் அடைத்துக்கொள்ளும்.

அப்படியானால் டேங்கைக் கழற்றி, காக்கையும் தனியாக எடுத்து, சுத்தமான டீசல் விட்டுக் குலுக்கிக் கொட்டுங்கள். தெளிவாக வரும்வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டாம். காக்குக்குள் இருக்கும் சல்லடையைப் பார்க்காமல் விட்டுவிடாதீர்கள். துடைக்கப் பனியன் வேஸ்ட் பயன்படுத்தினால் அதன் நூல் உள்ளே தங்கும். டேங்குக்குள்ளும் பம்ப் வாயிலும் நூல் உதிராத பருத்தித் துணி மட்டும்தான்.

ஹோஸை ஒரு நிமிடம் கையில் எடுத்து வளைத்துப் பாருங்கள். பழைய ரப்பர் ஹோஸ் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்தோல் உரிந்து மடிந்து வால்வு மாதிரி மூடிக்கொள்ளும். தோட்டத்தில் கிடைத்த தெளிவான பிளாஸ்டிக் குழாயை மாட்டியிருந்தால் உடனே எடுத்துவிடுங்கள். எஞ்சின் சூட்டில் இளகி அமுங்கும், பிறகு கல்லாக இறுகி இணைப்பில் காற்று வாங்கும். டீசலுக்கென்றே விற்கும் ரப்பர் ஹோஸும் புது கிளிப்பும் சில நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். இணைப்புகளில் உள்ள செம்பு வாஷர் இறுகிப் போயிருந்தால் தணலில் சிவக்கச் சுட்டுத் தண்ணீரில் போட்டு எடுங்கள். மெத்தென்று ஆகி மறுபடி நன்றாக உட்காரும். பள்ளம் விழுந்திருந்தால் புதிது போடுங்கள்.

எதைக் கழற்றி மாட்டினாலும் கடைசியில் ஏர் எடுத்தாக வேண்டும், அதாவது டீசல் வழியில் புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும். டேங்கை நிரப்பிக் காக்கைத் திறந்து, ஃபில்டர் தலையில் இருக்கும் ஸ்க்ரூவைத் தளர்த்துங்கள். நுரையும் குமிழியுமாக வரும் டீசல் தெளிவாகும்வரை விட்டு மூடுங்கள். பம்ப் நுழைவாயிலிலும் அதே வேலை. பிறகு நாசில் பக்கத்து நட்டை ஒரு சுற்றுத் தளர்த்தி, ஆக்சிலரேட்டரைத் திறந்து, எஞ்சினை லேசாகச் சுற்றவிடும் டிகம்ப்ரஷன் லிவரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஹாண்டிலைச் சுற்றுங்கள். டீசல் விட்டு விட்டுப் பீறி வந்ததும் நட்டை முறுக்கி மறுபடி சுற்றுங்கள். நாசிலில் இருந்து ‘கிர்க்... கிர்க்’ என்று வறட்டுச் சத்தம் விட்டு விட்டுக் கேட்க வேண்டும். அந்தச் சத்தம் திடமாக இருந்தால் பம்ப் அழுத்தம் கொடுக்கிறது, நாசில் திறக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். கழற்றி மாற்றும் முன் அதைக் காது கொடுத்துக் கேளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. நாசிலை வெளியே எடுத்து மாட்டிப் பீய்ச்சிப் பார்க்கும் பழக்கம் இருக்கிறது. அதன் எதிரே கையை நீட்டவே கூடாது. எஞ்சின் வகையைப் பொறுத்து சதுர சென்டிமீட்டருக்கு 120 கிலோவுக்கு மேல், நேரடி இன்ஜெக்‌ஷன் என்றால் 200 கிலோ பக்கம் அழுத்தத்தில் வரும் டீசல் அது. தோலைத் துளைத்துச் சதைக்குள் போய்விடும். மேலே ஊசி குத்தியதுபோல ஒரு புள்ளிதான் தெரியும். வலி குறைவாக இருந்தாலும் உடனே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். தாமதித்தால் விரலையே இழக்க நேரும்.

சரி, பம்ப் உண்மையிலேயே தேய்ந்திருந்தால் எப்படித் தெரியும்? எஞ்சின் ஆயில் டிப்ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். ஆயில் மட்டம் ஊற்றியதைவிட ஏறியிருந்து, தொட்டால் நீர்த்து, டீசல் வாடை அடித்தால், பம்புக்குள் டீசலை அழுத்தும் தண்டான பிளஞ்சர் தேய்ந்து டீசல் கீழே இறங்குகிறது. அப்படி இருந்தால் வண்டியை மேற்கொண்டு ஓட்டாதீர்கள். மசகு போய் பேரிங் கெடும், எஞ்சின் கட்டுக்கடங்காமல் ஓடவும் வாய்ப்புண்டு. பிளஞ்சர் தேய்மானத்தில் இன்னொரு குணம் உண்டு. சூடாக நிறுத்தினால் மூடியைத் திறந்து வைத்தாலும் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும், ஆறினால்தான் எழும்பும். சூட்டில் டீசல் நீர்த்து இடுக்கில் கசிவதுதான் காரணம். பிளஞ்சருக்கும் அது ஓடும் உருளையான பேரலுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி மில்லிமீட்டரில் ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்குதான். சூடான பம்ப்மேல் குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால் சட்டென்று சுருங்கிப் பிடித்துக்கொள்ளும், அதைச் செய்யாதீர்கள். இந்த அறிகுறிகள் இருந்தால் மட்டும் கழற்றி, சோதனை பெஞ்ச் வைத்திருக்கும் டீசல் பம்ப் சர்வீஸ் கடைக்குக் கொடுங்கள். அவர்கள் அழுத்தத்தை அளந்து சொன்ன பிறகு மாற்றுவதைப் பற்றி முடிவெடுக்கலாம்.

டீசலில் மண்ணெண்ணெய் கலக்கும் பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள். 2020 ஏப்ரல் முதல் நாடு முழுக்க விற்பது பி.எஸ். 6 (பாரத் ஸ்டேஜ் 6 என்னும் மாசுக் கட்டுப்பாட்டுத் தரம்) டீசல். அதில் கந்தகம் கிலோவுக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் போகாது. கந்தகத்தை எடுக்கும்போது குறையும் மசகுத் தன்மையை ஈடுகட்டச் சேர்மானம் சேர்த்தே அனுப்புகிறார்கள். மண்ணெண்ணெய் கலந்தால் அந்த மசகு குறையும். பம்புக்கு டீசலைத் தவிர வேறு மசகு இல்லை.

அறுவடை முடிந்து வண்டியை நிறுத்தும்போது டேங்கை முழுதாக நிரப்பிக் காக்கை மூடிவிடுங்கள். வெறும் இடம் இல்லையென்றால் வியர்க்கக் காற்றும் இல்லை. கேனில் வாங்கி வைப்பதானால் துத்தநாகம் பூசிய தகரக் கேன் வேண்டாம், டீசலோடு சேர்ந்து வண்டல் உண்டாகும். ஊற்றும்போது கேனின் கடைசி ஒரு டம்ளரை ஊற்றாமல் மிச்சம் வையுங்கள். புனலில் நெருக்கமான சல்லடை இருக்கட்டும்.

முதலில் மூடியைத் திறந்து பாருங்கள், அப்புறம் பாட்டில் சோதனை. இரண்டின் முடிவையும், டேங்கில் எவ்வளவு டீசல் இருந்தபோது நின்றது, ஆயில் மட்டம் எப்படி இருந்தது என்பதையும் எழுதி அனுப்புங்கள். அதற்குள் மெக்கானிக் வந்தாலும் இதே விவரங்களை அவரிடம் சொல்லுங்கள்.