தலைவலி போச்சு, பேச்சும் போச்சு!

மைக்ரேன் என்கிற ஒற்றைத் தலைவலி வராமல் தடுக்கத் தினமும் சாப்பிடும் மாத்திரைகளைப் பற்றி நிறையக் கடிதங்கள். இந்த இதழில் மூன்றுக்குப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: டாக்டர், நான் அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர், வயது 34. வாரம் இரண்டு முறை ஒற்றைத் தலைவலி வந்து, வாந்தியோடு இருட்டறையில் கிடப்பேன். டோபிராமேட் எழுதிக் கொடுத்தார்கள். முதலில் 25 மில்லிகிராம், அடுத்த வாரமே காலை 50, இரவு 50. தலைவலி பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. ஆனால் விரல் நுனியெல்லாம் ஊசி குத்துகிறது, சோடா குடித்தால் நாக்கில் வேறு ஏதோ மாதிரி இருக்கிறது, எல்லாவற்றுக்கும் மேலே, பாடம் நடத்தும்போது தெரிந்த வார்த்தை வாயில் வர மாட்டேன் என்கிறது. ‘சாய்சதுரம்’ என்று சொல்லத் தடுமாறி நின்றேன், கடைசி பெஞ்சுப் பையன் எடுத்துக்கொடுத்தான். மூளையில் ஏதாவது கோளாறா? மாத்திரையை நிறுத்திவிடவா?
– வாசகி, விழுப்புரம்

பதில்: நீங்கள் சொல்வது அத்தனையும் டோபிராமேட் செய்கிற வேலைதான் டீச்சர், பயப்பட வேண்டாம். ஆனால் நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

இது முதலில் வலிப்பு நோய்க்கு வந்த மருந்து. நரம்புகளை அடக்குவதோடு, உடம்பில் கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்று ஒரு நொதி இருக்கிறது, அதையும் தடுக்கும். சோடாவின் சுருசுருப்பை நாக்கு உணர்வதற்கு அந்த நொதி வேண்டும், அதனால்தான் சோடா சப்பென்று ஆகிறது. விரல் குத்தலுக்கும் இதுவே காரணம் என்கிறார்கள். தொந்தரவுதானே தவிர ஆபத்தில்லை, பலருக்கு நாள்போக்கில் குறையும். சிறுநீரகத்தில் கல் சேர வாய்ப்பிருப்பதும் இதே நொதியைத் தடுப்பதால்தான், ஆகவே தண்ணீர் நிறையக் குடியுங்கள். டாய்லெட் வசதிக்குப் பயந்து பள்ளியில் நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருக்கும் டீச்சர்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும்! இந்த மாத்திரைக்கு வியர்வையைக் குறைக்கும் குணமும் உண்டு, கத்திரி வெயிலில் கூடுதல் கவனம் தேவை.

வார்த்தை தட்டுவதுதான் உங்களுக்கு முக்கியம். அது அளவையும், அளவு ஏறிய வேகத்தையும் பொறுத்தது. வழக்கமாக வாரத்துக்கு 25 மில்லிகிராம் என்று ஏற்றி, நான்காவது வாரத்தில்தான் 100-க்கு வருவார்கள். உங்களுக்கு இரண்டாவது வாரமே வந்துவிட்டது. இதைவிட மெதுவாக ஏற்றுகிற டாக்டர்களும் உண்டு. இன்னொன்று, 50, 100, 200 மில்லிகிராம் என மூன்று அளவுகளையும் வைத்துப் பார்த்த ஆய்வுகளில், 100-ஐவிட 200-ல் தலைவலி ஒன்றும் பெரிதாகக் கூடுதலாகக் குறையவில்லை, தொந்தரவுதான் கூடியது. சிலருக்கு 50, 75-லேயே போதிய பலன் கிடைத்துவிடும். எனவே டாக்டரிடம் போய், “75-க்கு இறக்கிப் பார்க்கலாமா, பெரும்பங்கை இரவில் போட்டுக்கொள்ளலாமா?” என்று நேராகக் கேளுங்கள். அளவைக் குறைத்தால் அல்லது படிப்படியாக நிறுத்தினால் வார்த்தைகள் பொதுவாகத் திரும்பி வந்துவிடும்.

அப்படியும் வகுப்பெடுக்க முடியவில்லை என்றால் மருந்தையே மாற்றச் சொல்லலாம், ப்ரோப்ரனோலால், அமிட்ரிப்டிலின், கேண்டசார்ட்டன் எல்லாம் இருக்கின்றன. ‘தலைவலிதான் குறைந்துவிட்டதே, இதையும் சொன்னால் டாக்டர் கோபிப்பாரோ’ என்று நம் ஊரில் முக்கால்வாசிப் பேர் வாயை மூடிக்கொள்கிறார்கள். பேச்சை வைத்துப் பிழைக்கிற ஒருவருக்குப் பேச்சைத் தடுக்கிற மாத்திரை சரிப்படாது, இதை டாக்டரிடம் சொல்லாமல் அவருக்கு எப்படித் தெரியும்?

காத்திருக்கக் கூடாத விஷயங்களும் உண்டு. திடீரென்று கண் வலி, பார்வை மங்கல் வந்தால் அன்றே கண் மருத்துவரிடம் ஓடுங்கள். இந்த மாத்திரையால், பெரும்பாலும் முதல் மாதத்துக்குள், கண்ணில் அழுத்தம் ஏறிவிடக்கூடும். கூடவே தலையும் வலிப்பதால் ‘மைக்ரேன்தான்’ என்று படுத்துவிடுகிற ஆபத்து இருக்கிறது. மனம் காரணமில்லாமல் கனத்துப்போனாலும், செத்துவிடலாம் போல எண்ணம் வந்தாலும் உடனே சொல்லுங்கள். குழந்தை பெறும் எண்ணம் இருந்தால் முன்கூட்டியே பேசி மாற்றிவிட வேண்டும். கருவில் இருக்கும் குழந்தைக்கு உதடு, அண்ணப் பிளவு போன்ற குறைகளும், மூளை வளர்ச்சியில் பாதிப்பும் வரலாம் என்பதால் பிரிட்டனில் 2024-லிருந்து கருத்தரிக்கக்கூடிய பெண்களுக்கு இதைக் கொடுக்கக் கடுமையான கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் அதையும் சொல்லிவிடுங்கள், அதன் வீரியத்தை இது குறைக்கக்கூடும்.

கேள்வி: அப்பாவுக்கு 67 வயது. மைக்ரேனுக்காக ஃப்ளூனரிசின் 10 மில்லிகிராம் எழுதிக் கொடுத்தார்கள். ஒரு வருடமாகப் பழைய சீட்டைக் காட்டி மெடிக்கலில் வாங்கிப் போடுகிறார். இப்போது கை நடுங்குகிறது, நடை தளர்ந்துவிட்டது, முகத்தில் சிரிப்பே இல்லை. வயசாகிவிட்டது என்று அம்மா சொல்கிறார்.
– வாசகர், தேனி

பதில்: வயசு என்று விட்டுவிடாதீர்கள் தம்பி. ஃப்ளூனரிசின் நீண்ட நாள் சாப்பிட்டால், அதுவும் வயதானவர்களுக்கு, பார்க்கின்சன் நோய் மாதிரியே நடுக்கமும் மந்தமும் வரலாம், மனச்சோர்வும் வரலாம். 65 வயதுக்கு மேல் 5 மில்லிகிராம்தான் பரிந்துரை. நன்றாகக் கேட்டாலும்கூட ஆறு மாதத்தில் நிறுத்திப் பார்க்க வேண்டிய மருந்து இது. பழைய சீட்டுக்கு மாத்திரை கொடுக்கிற கடைகளை என்னவென்று சொல்வது!

இந்த வாரமே மாத்திரை அட்டையோடு அப்பாவை டாக்டரிடம் கூட்டிப் போங்கள். அட்டை முக்கியம், அதைப் பார்க்காமல் பார்க்கின்சனுக்கு வேறு ஒரு மாத்திரை சேர்ந்துவிடக் கூடாது. நிறுத்திய மறுநாளே நடுக்கம் நிற்காது, மருந்து உடம்பிலிருந்து மெதுவாகத்தான் வெளியேறும், நடுக்கம் குணமாகச் சில மாதங்கள் ஆகலாம். அப்பாவுக்குத் தலைவலியே இந்த வயதில்தான் புதிதாக ஆரம்பித்தது என்றால், அது மைக்ரேன்தானா என்பதையும் ஒருமுறை சரிபார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: கல்லூரி மாணவன். அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம் இரவு 11 மணிக்குப் போடுகிறேன். காலை முதல் வகுப்பில் தூங்கி விழுகிறேன், வாய் வேறு உலர்ந்துபோகிறது. தலைவலியும் குறையவில்லை, மாதத்தில் பாதி நாள் கடையில் வாங்கிய வலி மாத்திரைதான்.
– வாசகர், திருச்சி

பதில்: மாத்திரையை எட்டு மணிக்கே போட்டுவிடுங்கள், காலை மப்பு பெரிதும் குறையும். அது தெளிகிறவரை பைக்கை எடுக்காதீர்கள். வாய் உலர்ந்தால் அடிக்கடி ஒரு மடக்குத் தண்ணீர், சர்க்கரையில்லாத சூயிங்கம். பலன் தெரியச் சரியான அளவில் இரண்டு மாதமாவது ஆகும்.

ஆனால் உங்கள் நிஜப் பிரச்சினை அந்த வலி மாத்திரை. மாதத்தில் 15 நாள் சாதாரண வலி மாத்திரை, அல்லது 10 நாள் பல மருந்து சேர்ந்த கூட்டு மாத்திரை என்று மாதக்கணக்கில் போனால் அதுவே தலைவலியை உண்டாக்கும். அப்போது தடுப்பு மாத்திரையும் சரியாக வேலை செய்யாமல் போகலாம். எந்தத் தேதியில் என்ன மாத்திரை போட்டீர்கள் என்று ஒரு மாதம் காலண்டரில் குறித்து, அதையே டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.