‘தி வே ஆஃப் கிங்ஸ்’ நாவல் ஆயிரம் பக்கம் படிக்கத் தகுந்ததுதானா?

கேள்வி கேட்டவர், பிராண்டன் சாண்டர்சனின் இந்த மாயக்கற்பனை நாவலை நண்பர்கள் ஓயாமல் பரிந்துரைப்பதாகவும், அதன் பருமனைப் பார்த்தே தயங்குவதாகவும் எழுதியிருக்கிறார். நான் இதை நூலகத்தில் இரவல் வாங்கி, 21 நாள் தவணையை ஒரு முறை நீட்டித்து, பெரும்பகுதியை இங்கே சிங்கப்பூரில் ஈசூனிலிருந்து நகருக்குச் செல்லும் ரயிலில் படித்து முடித்தேன். படிக்கலாம் என்றுதான் சொல்வேன். ஆனால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை மனத்தாங்கலோடுதான் கடந்தேன் என்பதையும் மறைக்க விரும்பவில்லை. முக்கியமான திருப்பங்களைத் தவிர்த்தே எழுதுகிறேன்.

2010இல் வெளிவந்த இந்நூல், பத்துப் பாகங்களாகத் திட்டமிடப்பட்ட ஒரு வரிசையின் முதல் பாகம். கதை நிகழும் ரோஷார் என்னும் உலகத்தில், கிழக்கிலிருந்து அடிக்கடி பெரும்புயல் கிளம்பி நிலத்தையே அறைந்துவிட்டுப் போகும். அதனால் அங்கே புல்கூடக் காலடி கேட்டால் துளைக்குள் சுருங்கிக்கொள்கிறது. விலங்குகள் பெரும்பாலும் நண்டைப்போல ஓடு சுமந்தவை. புயலில் வைக்கப்பட்ட மணிக்கற்கள் ஒளியை உறிஞ்சிக்கொள்ளும். அந்தக் கற்கள் பதித்த கண்ணாடிக் குண்டுகளே நாணயம், அவையே விளக்கும். கையில் காசில்லாதவன் இருட்டில் உட்கார வேண்டியதுதான் என்பதை ஆசிரியர் எங்கும் வலியுறுத்திச் சொல்லாமல் நம்மையே உணர வைத்துவிடுகிறார். இந்தப் புயல் அத்தியாயங்களில் ஒன்றை விடியற்காலையில் படித்துக்கொண்டிருந்தபோது, மேற்கிலிருந்து நம் சுமத்ரா சூறைக்காற்று வந்து இறங்கியது. புத்தகத்தைக் கவிழ்த்துவிட்டு, துணி காய்ந்த மூங்கில் கழிகளை உள்ளே இழுக்க ஓடினேன்.

நூலின் உயிர் கலாடின் என்னும் இளைஞனின் கதையில் இருக்கிறது. அறுவை மருத்துவரின் மகனான அவன், அடிமையாக விற்கப்பட்டு, சாடியஸ் என்னும் பிரபுவின் படையில் பாலம் சுமக்கும் குழுவில் வந்து சேர்கிறான். பிளவுபட்ட பீடபூமிகளுக்கிடையே படை கடப்பதற்காக, அக்குழுவினர் கனத்த மரப்பாலத்தைத் தோளில் ஏற்றி எதிரியின் அம்புகளை நோக்கி ஓட வேண்டும். அவர்களுக்குக் கேடயம் இல்லை. வீரர்களை விட்டுவிட்டு எதிரிகள் இவர்கள்மேல் அம்புகளைச் செலவழிக்கட்டும் என்பதே பிரபுவின் கணக்கு. முதல் ஓட்டத்தில், தோளுக்கு மெத்தை வைத்த மேலங்கியும் செருப்பும் இல்லாமல் கலாடின் ஓடும் பக்கங்களை நான் இரண்டு முறை படித்தேன். தேசிய சேவை என்னும் கட்டாய ராணுவப் பணியில் நால்வராக ஸ்ட்ரெச்சர் சுமந்து நடந்தபோது, உயரமானவன் தோளில்தான் பாரம் அழுந்தும் என்பதையும், நடுவழியில் யாரும் எதுவும் பேச மாட்டார்கள் என்பதையும் நேரில் அறிந்தவன் நான். சாண்டர்சன் அந்த மௌனத்தைச் சரியாகப் பிடித்திருக்கிறார். பிறகு கலாடின் அக்குழுவில் ஒவ்வொருவனிடமும் பெயர் கேட்கத் தொடங்குவதும், மாலையில் ஒரே பானையைச் சுற்றி அவர்கள் உட்காரத் தொடங்குவதும் எந்த மாயவாள் சண்டையையும்விட என்னை அசைத்தன.

என் மனத்தாங்கலுக்கு முதல் காரணம் ஷாலான். ஜாஸ்னா என்னும் அறிஞரிடம் மாணவியாகச் சேர்ந்து, அவரிடமுள்ள அரிய கருவி ஒன்றைத் திருட வந்தவள் இவள். கதைக்கரு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அவளை மதிநுட்பம் உள்ளவளாகக் காட்ட ஆசிரியர் எழுதும் வேடிக்கைப் பேச்சுகள், கல்யாண வீட்டில் தம் நகைச்சுவைக்குத் தாமே முதலில் சிரிக்கும் சித்தப்பாவை நினைவூட்டின. அடுத்ததாக, டாலினார் என்னும் தளபதி புயல் வேளைகளில் தமக்குத் தோன்றும் காட்சிகளை நம்புவதா வேண்டாமா என்று புழுங்குவதை, வாரப் பத்திரிகைத் தொடர்கதையில் முன்கதைச் சுருக்கம் போடுவதுபோலத் ஆசிரியர் திரும்பத் திரும்பச் சொல்கிறார். நடை எளிமையானது, அது குறையன்று, ஆனால் வாசித்தபின் வாயில் தங்கும் வாக்கியம் ஒன்றுகூட எனக்குக் கிடைக்கவில்லை.

ஆயினும் அந்த டாலினாரிடம்தான் நான் எதிர்பாராத ஒன்று கிடைத்தது. அவருடைய நாட்டில் படிப்பும் எழுத்தும் பெண்களுக்குரியவை. ஆண்கள் படிப்பது இழுக்கு. எனவே அந்தப் பெருந்தளபதி, தம்மை ஆட்டிப்படைக்கும் பழைய நூலைப் பிறர் படிக்கக் கேட்டுக்கொண்டிருப்பார். எழுத்தறியாத என் தாத்தா, சாப்பாட்டு மேசையில் கண்களை மூடிக்கொண்டு, அம்மா உரக்கப் படிக்கும் தமிழ் முரசு நாளிதழைக் கேட்டுக்கொண்டிருந்ததும், நடுவில் “அந்த வரியை இன்னொரு தரம் படிம்மா” என்று சொன்னதும் நினைவுக்கு வர, இறங்க வேண்டிய நிலையத்தை அன்று தவறவிட்டேன்.

நம்மவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று, கண்ணின் நிறத்தை வைத்து அமைந்த மேல்கீழ் வரிசை. வெளிர்விழியார் ஆள்பவர்கள், கருவிழியார் உழைப்பவர்கள். இரு பக்கத்திலும் பத்துப் பத்துப் படிகள். ஒடுக்கப்பட்டவர்களுக்குள்ளேயே ஒருவன் மற்றவனைவிட ஒரு படி மேல் என்று பெருமைப்படும் ஏற்பாட்டை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. இவ்வளவு கூர்மையாக அமைத்துவிட்டு, இந்தப் பாகத்தில் நல்ல பிரபு ஒருவரின் பெருந்தன்மையிடம் தீர்வை ஒப்படைப்பது எனக்குக் குறையாகப் பட்டது. வாய்திறவாமல் வேலை செய்யும் பார்ஷ் இனத்தவரைப் பற்றி யாருமே, கலாடின்கூட, பெரிதாக யோசிக்கவில்லையே என்றும் நானூறு பக்கங்களுக்குக் கறுவிக்கொண்டிருந்தேன். இறுதியில் ஜாஸ்னாவின் ஆய்வு அந்த இடத்திலேயே விரல் வைத்தபோது என் கோபத்தில் பாதி வீணாகிவிட்டது.

ஆகவே வாங்குவதற்கு முன் இரவல் எடுத்துப் பாருங்கள். பிரிட்டிஷ் தாளட்டைப் பதிப்பு இரண்டு புத்தகங்களாக வருவதால், ரயிலில் நின்றுகொண்டு படிப்பவர்களுக்கு மணிக்கட்டு தப்பும். பாலக் குழுவினர் பானையைச் சுற்றி உட்காரும் இடம்வரை வந்தும் உங்களுக்கு ஒட்டவில்லை என்றால் தயங்காமல் திருப்பிக் கொடுத்துவிடலாம். நான் இரண்டாம் பாகத்துக்கு முன்பதிவு செய்திருக்கிறேன். அதில் ஷாலானுக்குப் பங்கு கூடுதல் என்று நண்பர் ஒருவர் சொன்னதிலிருந்து சற்றுக் கலக்கமாகத்தான் இருக்கிறது.