கொல்லையில் பாம்பு: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

இருபது வருடமாகத் தஞ்சாவூர், திருவாரூர் பக்கத்தில் வீடுகளுக்குள் வரும் பாம்புகளை வனத்துறையோடு சேர்ந்து மீட்டு, வெளியில் விட்டு வருகிறேன். அதற்கு முன்பு பள்ளியில் விலங்கியல் ஆசிரியர். நான் மருத்துவர் இல்லை. முதலுதவி வரைதான் சொல்வேன். அறுவடை நெருங்குவதால், தெரிந்ததை எல்லாம் இப்போதே சொல்லிவிட நினைக்கிறேன்.

கேள்வி (மன்னார்குடி): நேற்று ராத்திரி சமையலறைச் சுவரில் ஏறிய இந்தக் கட்டுவிரியன் குட்டியை அடித்துவிட்டோம். படம் அனுப்பியிருக்கிறேன். தாய்ப்பாம்பு பக்கத்தில் இருக்குமா?

பதில்: இது கட்டுவிரியன் இல்லை. வெள்ளிக்கோல் வரையன், விஷமற்றது. வளர்ந்த பாம்பே இவ்வளவுதான் இருக்கும். பல்லியைத் தேடித்தான் சுவர் ஏறுகிறது. படத்தைப் பாருங்கள்: பட்டைகள் கழுத்துப் பக்கம் பளிச்சென்று தொடங்கி, வால் பக்கம் போகப்போக மங்குகின்றன. கட்டுவிரியனுக்கு நேர்மாறு. தலைப் பக்கம் மங்கலாகவோ இல்லாமலோ இருக்கும். பின்னால் மெல்லிய வெள்ளைக் கோடுகள் இரண்டிரண்டாகத் தெளிவாகத் தெரியும். உடம்பு எண்ணெய் தேய்த்தது போல் பளபளக்கும்.

பாம்புகள் குட்டியைக் கூட்டிக்கொண்டு திரிவதில்லை, அதனால் தாய் வராது. ஆனால் அடையாளம் தெரியும் என்ற தைரியத்தில் யாரும் கையில் எடுக்க வேண்டாம். எனக்கே அரைகுறை வெளிச்சத்தில் இந்த இரண்டும் குழம்பியிருக்கின்றன. தள்ளி நின்று டார்ச் அடித்துப் பாருங்கள், அது போதும்.

கேள்வி (திருத்துறைப்பூண்டி): வீட்டைச் சுற்றிப் பூண்டு கரைசல் தெளித்தால் பாம்பு வராதா?

பதில்: வரும். பூண்டு, பெருங்காயம், மண்ணெண்ணெய் தெளித்த வீடுகள் எத்தனையோவற்றிலிருந்து பாம்பு எடுத்திருக்கிறேன். பாம்பு உங்களைத் தேடி வரவில்லை. எலி, தவளை, ஒதுங்க ஒரு இடம், இந்த மூன்றுக்காக வருகிறது. விறகைச் சுவரோடு ஒட்டி அடுக்காதீர்கள். கோழித் தீவனத்தை மூடி வையுங்கள். சாக்கடைக் குழாயின் வாய்க்குக் கம்பி வலை கட்டுங்கள், கதவின் அடி இடைவெளியை அடையுங்கள்.

கேள்வி (கும்பகோணம்): பச்சைப்பாம்பு கண்ணைக் கொத்துமா?

பதில்: கொத்தாது. கூர்மூக்கை நீட்டி, தலையை ஆட்டி ஆட்டிப் பார்ப்பதால் வந்த பயம். அதை உருவிவிட்டால் சமையலில் கைமணம் வரும் என்பதும் இல்லை. அந்த ஜீவனைக் கிளையிலேயே விடுங்கள்.

கேள்வி (பேராவூரணி): சாரையும் நல்ல பாம்பும் பிணைந்து நின்றதை நானே கண்ணால் பார்த்தவன். வெள்ளைத் துணியை மேலே போட்டு எடுத்து வைத்தால் செல்வம் சேரும் என்பார்கள். சாரை இருக்கும் இடத்துக்கு நாகம் வரும் என்றுதான் நாங்கள் சாரையை அடிக்கிறோம். தப்பா?

பதில்: ஐயா, நீங்கள் பார்த்தது உண்மை. ஆனால் இரண்டுமே சாரை, அதுவும் இரண்டும் ஆண். ஒன்றை ஒன்று முறுக்கிக்கொண்டு எழும்பி, மற்றதன் தலையைத் தரையில் அமுக்கப் பார்க்கும். அது மல்யுத்தம். தோற்றது விலகிப் போய்விடும். உண்மையான சேர்க்கையில் இவ்வளவு ஆர்ப்பாட்டம் கிடையாது; தரையோடு ஒட்டி, வால்கள் சேர்ந்திருக்கும். சாரைக்கும் நாகத்துக்கும் குடும்பமே வேறு, இணை சேராது.

அவரே: ஒன்று மஞ்சள், ஒன்று கறுப்பு. எனக்குக் கண் தெரியாதா?

பதில்: சாரையில் மஞ்சள் உண்டு, பழுப்பு உண்டு, கருமைக்கு நெருங்கியதும் உண்டு. ஒரே வயலில் இரண்டு நிறத்திலும் பிடித்திருக்கிறேன்.

இடையில் ஒருவர் (ஒரத்தநாடு): எங்கள் மாமா பார்த்தபோது ஒன்று படம் எடுத்ததாம். சாரை படம் எடுக்குமா?

பதில்: நல்ல கேள்வி, இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். சாரை சீண்டப்பட்டால் கழுத்தை ஊதிப் பெருக்கி, உறுமுவது போல் சத்தமும் போடும். பக்கவாட்டில் பார்த்தால் படம் போலவே தெரியும். ஆனால் நாகம் கழுத்தைத் தட்டையாக, அகலமாக விரிக்கும். சாரையுடையது மேலும் கீழுமாகத்தான் பெருக்கும்.

பேராவூரணிக்காரர் மறுபடி: அப்படியானால் மூன்று தலைமுறையாகச் சொன்னது பொய்யா?

பதில்: பொய் சொல்லவில்லை ஐயா. அவர்கள் பார்த்தது லேசில் காணக் கிடைக்காத காட்சி. அதைத் தொந்தரவு செய்யாமல் தூரத்தில் நின்று, துணி போட்டு மரியாதை செய்த மனசு பெரியது. அது என்ன என்று ஊகித்ததில்தான் பிசகு. அந்தப் பிசகால் இன்றைக்குச் சாரை சாகிறது. டெல்டாவில் கிட்டி வைத்து எலி பிடிக்கிறோம்; வளைக்குள்ளேயே நுழைந்து குஞ்சோடு எலியைத் தின்கிற பாம்பைத் தடியால் அடிக்கிறோம். அடுத்த முறை அந்தக் காட்சியைக் கண்டால் படம் பிடித்து எனக்கு அனுப்புங்கள், இருவரும் சேர்ந்து பார்ப்போம்.

கேள்வி (நாகப்பட்டினம்): ஆகாசகருடன் கிழங்கு கட்டினால்? சிறியாநங்கை நட்டால்?

பதில்: பூண்டுக்குச் சொன்னதுதான்.

கேள்வி (திருவையாறு): ஒன்றை அடித்தால் ஜோடி வந்து பழிவாங்கும் என்கிறார்களே?

பதில்: இல்லை. இணை சேரும் காலத்தில் பெண் ஊர்ந்த தடத்தின் வாசனையைப் பிடித்து ஆண் வரும். அதோடு, எலி உள்ள இடத்துக்கு இரண்டாவது பாம்பும் வரத்தான் செய்யும்.

கேள்வி (வலங்கைமான்): என் அப்பா வரப்பில் கண்ணாடிவிரியன் கடித்து இறந்தார். பாம்பைக் காப்பாற்று என்று பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு வயிறு எரிகிறது. மனுஷன் உயிரா, பாம்பு உயிரா?

பதில்: மனுஷன் உயிர். அதில் எனக்கு இரண்டாவது எண்ணம் கிடையாது. உங்கள் கோபத்துக்கு எதிராக வாதாட நான் வரவில்லை.

2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறந்ததாக ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். அந்த வருடங்களிலும் ஊருக்கு ஊர் கண்ட பாம்பை எல்லாம் அடித்துக்கொண்டுதான் இருந்தோம். சாவு நிற்கவில்லை. ஏனென்றால் நாம் அடிப்பது கண்ணில் பட்ட பாம்பை. உங்கள் அப்பாவைக் கடித்தது கண்ணில் படாத பாம்பு. கண்ணாடிவிரியன் ஓடாது. சருகு நிறத்தில், சங்கிலி போட்ட மாதிரி புள்ளிகளோடு அப்படியே கிடக்கும். சில நேரம் குக்கர் ஆவி விடுவது போல் சீறும், சில நேரம் அதுவும் இல்லை. வெறுங்காலோடு இருட்டில் மிதித்தால் கடிதான்.

வீட்டுக்குள், மாட்டுக்கொட்டகையில் விரியன் இருந்தால் அங்கேயே விடுங்கள் என்று நான் சொல்லவே மாட்டேன். வனத்துறைக்கோ தீயணைப்பு நிலையத்துக்கோ சொல்லுங்கள். ஆள் வரும்வரை ஒருவர் தூரத்தில் நின்று அது எங்கே போகிறது என்று பார்த்தால் போதும். தடியோடு நெருங்கிக் கடிபட்டவர்களை நான் ஆஸ்பத்திரியில் பார்த்திருக்கிறேன். வயலுக்குப் போகிறவருக்கு முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், கையில் டார்ச். கதிர்க்கட்டைத் தூக்குமுன் கம்பால் ஒரு தட்டு. உங்கள் ஊரில் இதைச் சொல்ல உங்களைவிடத் தகுதியானவர் யாரும் இல்லை. நீங்கள் சொன்னால் கேட்பார்கள்.

கேள்வி (பட்டுக்கோட்டை): கடித்த இடத்துக்கு மேலே கயிறு கட்டலாமா? பாம்பை அடித்து டாக்டரிடம் காட்ட வேண்டாமா?

பதில்: கட்டக் கூடாது. இறுக்கிக் கட்டிக் கால் அழுகியவர்கள் உண்டு. கீறுவது, வாய் வைத்து உறிஞ்சுவது, பச்சிலை, எதுவும் வேண்டாம். மோதிரம், கொலுசு, மெட்டியைக் கழற்றுங்கள், வீங்கினால் கழற்ற முடியாது. எலும்பு முறிந்தவருக்குச் செய்வது போல் கை காலை மட்டை வைத்து அசையாமல் வையுங்கள். நடக்க விடாமல் 108-ல் ஏற்றுங்கள். பாம்பைத் தேடி நேரத்தைக் கொல்லாதீர்கள். நம் விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்குக்கும் சேர்த்தே தயாரிக்கப்படுகிறது. மருத்துவர் அறிகுறியைப் பார்த்துத்தான் கொடுப்பார்.

ஒன்று மட்டும் மனசில் வையுங்கள். கட்டுவிரியன் ராத்திரியில் தரையில் தூங்குகிறவரைக் கடிக்கும். வலியோ தடமோ தெரியாமல் போகலாம். விடியற்காலையில் வயிற்றுவலி, தொண்டை அடைப்பு, இமை சரிந்து கண் திறக்க முடியாமை என்றால் அஜீரணம் என்று சோடா கொடுத்து உட்கார வைக்காதீர்கள். உடனே ஓடுங்கள். கட்டிலில் படுங்கள், கொசுவலையை விரிப்புக்கு அடியில் செருகுங்கள்.

கேள்வி (திருச்சி, கல்லூரி மாணவர்): பாம்பு பிடிக்கக் கற்றுத் தருவீர்களா? வீடியோ பார்த்து வெறுங்கையால் இரண்டு பிடித்தேன்.

பதில்: மாட்டேன், தம்பி. உன் அம்மாவை நினைத்துப் பார். அனுமதியில்லாமல் பிடிப்பது குற்றமும்கூட. ஆர்வம் இருந்தால் மாவட்ட வனத்துறை அலுவலகத்தில் போய்ப் பேசு.

கேள்வி (மயிலாடுதுறை): பாம்பே இல்லாமல் போனால் நமக்கு என்ன நஷ்டம்?

பதில்: எலியை விடுங்கள். கடிபட்டவருக்கு ஏற்றும் மருந்தே பாம்பின் விஷத்திலிருந்துதான் வருகிறது. அந்த விஷத்தைக் குதிரைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, அதன் ரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்பொருளைப் பிரித்து எடுக்கிறார்கள். மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் வடநெம்மேலியில் 1978-ல் தொடங்கிய இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் பல ஆண்டுகளாக இந்த விஷத்தை எடுத்துக் கொடுத்து வருகிறது. முன்பு தோலுக்காகப் பாம்பு பிடித்த மக்கள் அவர்கள். தோல் வியாபாரம் தடைபட்டதும் அதே கைத்திறன் உயிர் காக்கத் திரும்பியது. பிடித்த பாம்பைச் சில வாரம் வைத்து விஷம் எடுத்து, மறுபடி காட்டில் விட்டுவிடுவார்கள். அவர்களில் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. அன்றைக்கு நான் அழுதேன். மணலில் ஒரு கீறலைப் பார்த்து எந்தப் பாம்பு, எந்தப் பக்கம் போனது என்று சொல்லும் அறிவுக்குக் கிடைத்த மரியாதை அது.

கேள்வி (அறந்தாங்கி): உடும்புக்கறி மூட்டுவலிக்கு நல்லதாமே? அரணை நக்கினால் மரணமா?

பதில்: உடும்பு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது; கொன்றால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. மூட்டுவலிக்கு மருத்துவரைப் பாருங்கள். அரணைக்கு விஷமே இல்லை.

கேள்வி (நன்னிலம்): நாயைப் பாம்பு கடித்துவிட்டது, என்ன செய்ய?

பதில்: இதைப் படித்துக்கொண்டிருக்காமல் கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள்.

கேள்வி (பாபநாசம்): இதை அடித்துவிட்டோம். என்ன பாம்பு? (படத்துடன்)

பதில்: தண்ணீர்ப்பாம்பு. விஷமில்லை. இன்றைக்கு வந்த ஏழாவது செத்த பாம்பின் படம் இது. தயவுசெய்து அடிப்பதற்கு முன்னால் அனுப்புங்கள். ராத்திரி எந்நேரமானாலும் பார்ப்பேன்.

கேள்வி (நீடாமங்கலம்): பூண்டுக்குப் பதில் ஃபினாயில் ஊற்றலாமா?

பதில்: வேண்டாம். விறகை நகர்த்துங்கள்.

கேள்வி (கொரடாச்சேரி): பம்புசெட் அறையில் ஒரு பெரிய சாரை இருக்கிறது அண்ணா. இரண்டு மாதமாகப் பார்க்கிறேன், அடிக்க மனசு வரவில்லை. நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: ஒன்றும் செய்ய வேண்டாம், தம்பி. அறைக்குள் போகுமுன் கதவை இரண்டு தட்டு தட்டி, டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு நுழையுங்கள். சுவிட்சைத் தடவித் தேடாதீர்கள். அதிர்வு கேட்டதும் அது பின்பக்க ஓட்டை வழியாகப் போய்விடும். நீங்கள் மோட்டாரைப் போட்டுவிட்டுத் திரும்பியதும் மறுபடி வரும்.