நாயையும் பூனையையும் விமானத்தில் கூட்டிவர: டிக்கெட்டைக் கடைசியாகப் போடுங்கள்

தம்பி, நீங்கள் கேட்டது இதுதான்: வேலைக்கென்று வெளிநாடு வந்து இரண்டு மாதம் ஆகிவிட்டது, பெற்றோரிடம் விட்டுவந்த நாயையும் பூனையையும் கூட்டிவர வேண்டும், அடுத்த மாதமே டிக்கெட் போட்டுவிடலாமா, வழியில் தூங்கிக்கொண்டே வர மாத்திரை கொடுக்கலாமா. இரண்டுக்கும் பதில் "வேண்டாம்"தான். மாத்திரை விஷயத்துக்குப் பிறகு வருகிறேன். முதலில் தேதிக் கணக்கு. செல்லப்பிராணிப் பயணத்தில் சிக்குகிறவர்கள் பெரும்பாலும் பணத்தாலோ கூண்டாலோ சிக்குவதில்லை, தேதிகளின் வரிசையால்தான் சிக்குகிறார்கள்.

வரிசை இப்படி: முதலில் மைக்ரோசிப் (தோலுக்கடியில் வைக்கும் அடையாள எண் சில்லு), அதற்குப் பிறகு அல்லது அதே நாளில் ரேபிஸ் (வெறிநாய்க்கடி நோய்) தடுப்பூசி, அதற்குப் பிறகு ரத்தப் பரிசோதனை, காத்திருப்பு, கடைசியில் சுகாதாரச் சான்றிதழ். ஊசி முதலில் போட்டு சிப் பிறகு வைத்திருந்தால், அந்த ஊசி போட்டதாகவே பல நாடுகள் எடுத்துக்கொள்ளாது. எந்த விலங்குக்குப் போட்டது என்று நிரூபிக்க முடியாது என்பதுதான் காரணம். "போன வருஷமே ஊசி போட்டாச்சே" என்று நிம்மதியாக இருப்பவர்கள் மாட்டுவது இங்கேதான். சிப் வைத்துவிட்டு மறுபடி ஊசி போட்டு முதலிலிருந்து எண்ண வேண்டியதுதான்.

சிப் ஐஎஸ்ஓ 11784, 11785 தரத்தில், 15 இலக்க எண்ணோடு இருக்க வேண்டும். 9 அல்லது 10 இலக்கப் பழைய சிப் இருந்தால் எல்லா ஸ்கேனரும் அதைப் படிக்காது. இரண்டாவது சிப் வைத்து இரு எண்களையும் எல்லாக் காகிதத்திலும் எழுதச் சொல்வது எளிது. மருத்துவரிடம் போகும் ஒவ்வொரு முறையும் ஸ்கேன் செய்து பார்க்கச் சொல்லுங்கள். சிப் தோலுக்கடியில் தோள் பக்கமாக நகர்ந்திருக்கலாம், சில நேரம் வேலையே செய்யாது. அது தெரியவேண்டிய இடம் உங்கள் மருத்துவரின் அறை, விமான நிலையமல்ல. 15 இலக்கத்தில் ஒன்று மாறி எழுதியிருந்தாலும் விலங்கைத் திருப்பி அனுப்பலாம், தனிமைக் கூடத்தில் வைக்கலாம். ஆகவே ஒவ்வொரு காகிதத்திலும் அந்த எண்ணை விரல் வைத்துப் படியுங்கள்.

ஊசியால் ரத்தத்தில் போதுமான எதிர்ப்புச் சக்தி உண்டாகியிருக்கிறதா என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனையைத்தான் டைட்டர் டெஸ்ட் என்கிறார்கள். ரேபிஸ் கட்டுக்குள் இல்லாத நாடுகளிலிருந்து வரும் விலங்குக்கு இதைக் கேட்பார்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் பிரிட்டனுக்கும் கணக்கு ஒன்றுதான்: ஊசி போட்டுக் குறைந்தது 30 நாள் கழித்து ரத்தம் எடுக்க வேண்டும், அங்கீகரிக்கப்பட்ட ஆய்வகத்தில் மில்லிலிட்டருக்கு 0.5 சர்வதேச அலகு அல்லது அதற்கு மேல் வர வேண்டும்; ரத்தம் எடுத்த நாளிலிருந்து 3 மாதம் கழிந்த பிறகே நுழையலாம். ஜனவரி 5 அன்று சிப்பும் ஊசியும் என்றால், பிப்ரவரி 6 வாக்கில் ரத்தம், மே முதல் வாரம் தாண்டிப் பயணம். நாலு மாதம். எங்கும் ஒரு நாள்கூடச் சுருக்க முடியாது.

இதில் இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். ஒன்று, வாழ்நாளில் ஒரே ஒரு ஊசி மட்டும் போட்ட இளம் விலங்குகளுக்கு 0.5 எட்டாமல் போவதுண்டு. இடைவெளி விட்டு இரண்டு தவணை போட்டு, அதன்பின் ரத்தம் எடுப்பது பாதுகாப்பு. முதல் சோதனை தவறினால் போவது காசு மட்டுமல்ல, மூன்று மாதமும் போகும். இரண்டாவது, ஊசியின் காலாவதி. அடுத்த பூஸ்டரை ஒரு நாள் தவறவிட்டாலும் அதை "முதல் ஊசி" என்று கணக்கில் வைப்பார்கள். டைட்டர் முடிவும் அதோடு செல்லாமல் போகும். பூஸ்டரைத் தேதிக்கு முன்பே போட்டுக்கொண்டு வந்தால் அதே டைட்டர் முடிவு தொடர்ந்து செல்லும்.

எல்லா நாடும் இதே கணக்கு வைத்திருக்கவில்லை. ஜப்பானுக்கு 30 நாள் இடைவெளியில் இரண்டு ரேபிஸ் ஊசி, பிறகு ரத்தம், அதிலிருந்து 180 நாள். வருவதற்கு 40 நாள் முன்பே அவர்களுக்கு அறிவிக்கவும் வேண்டும். மொத்தம் ஏழு மாதத்துக்குக் குறையாது. நாள் குறைந்தால் மீதியை விலங்கு அங்கே தனிமையில் கழிக்கும். ஆஸ்திரேலியா இன்னும் கறார்: அங்கீகரிக்காத நாட்டிலிருந்து நேராக வர விடமாட்டார்கள். இடையில் அங்கீகரித்த நாடொன்றின் வழியாக அதன் நிபந்தனைகளை முடித்து வர வேண்டும். வந்திறங்கிய பின் மெல்பர்ன் அருகே மிக்கிள்ஹாமில் உள்ள அரசுக் கூடத்தில் குறைந்தது 10 நாள் தனிமை. அமெரிக்காவில் 2024 ஆகஸ்ட் 1 முதல் நாய்க்கு ஆறு மாத வயது ஆகியிருக்க வேண்டும், சிப் வேண்டும், இணையப் படிவம் வேண்டும். ரேபிஸ் ஆபத்து அதிகமுள்ள நாட்டிலிருந்து, அங்கே போட்ட ஊசியோடு வந்தால், அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் பதிவு செய்த விலங்கு மையத்தில் முன்கூட்டியே இடம் பிடிக்க வேண்டும். டைட்டர் முடிவு இல்லையென்றால் 28 நாள் அங்கேயே. அதே நோய்க் கட்டுப்பாட்டு மையம் பூனைக்கு ரேபிஸ் சான்று கேட்பதில்லை. உங்கள் வீட்டில் பூனைக்கு ஒரு கணக்கு, நாய்க்கு ஒரு கணக்கு என்று ஆகலாம். இரண்டையும் ஒரே விமானத்தில் ஏற்றியே தீர வேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம்.

பிரிட்டன், அயர்லாந்து, மால்டா, பின்லாந்து, நார்வே ஆகியவற்றுக்கு நாய் போனால் நாடாப்புழு மருந்தும் சேரும். பிராசிகுவான்டல், நுழைவதற்கு 24 முதல் 120 மணி நேரத்துக்குள். மருத்துவர் கொடுத்த நேரத்தையும் தேதியையும் எழுதிக் கையொப்பமிட வேண்டும். விமானம் ஒரு நாள் தள்ளிப்போனால் 120 மணி தாண்டிவிடும் என்பதால், விளிம்பில் வைக்காமல் நடுவில், 48 மணி அளவில் கொடுப்பது நல்லது.

இப்போது உங்களுக்கென்றே ஒரு சிக்கல். நீங்கள் முன்னாலேயே வந்துவிட்டீர்கள். ஐரோப்பிய ஒன்றியமும் பிரிட்டனும், உரிமையாளரின் பயணமும் விலங்கின் பயணமும் ஐந்து நாளுக்குள் நடந்தால்தான் அதைச் "சொந்த விலங்கு" என்று கருதும். தாண்டினால் வணிக நகர்வு: வேறு சான்றிதழ், வேறு நடைமுறை, கூடுதல் செலவு. ஆகவே நீங்கள் ஒரு முறை போய்வரும் விடுமுறையைத்தான் இதற்கு வைக்க வேண்டும். அப்பாவோ நண்பரோ கொண்டுவந்தாலும், உங்கள் எழுத்துமூல அதிகாரக் கடிதமும் அந்த ஐந்து நாளுக்குள் உங்கள் பயணமும் தேவை. டிக்கெட்டைக் கடைசியில் போடச் சொன்னதற்கு இன்னொரு காரணம் இது: உங்கள் விடுமுறைத் தேதியும் டைட்டர் காத்திருப்பும் சந்திக்கும் வாரம் எது என்று தெரிந்த பிறகுதான் டிக்கெட்டுக்கே பொருள்.

சான்றிதழ் பற்றிச் சுருக்கமாக. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு அதன் ஆயுள் 10 நாள்: மருத்துவர் பரிசோதித்து எழுதி, அரசுக் கால்நடை அதிகாரி முத்திரையிட்டு, அந்தத் தேதியிலிருந்து 10 நாளுக்குள் நுழைய வேண்டும். நடுவில் அரசு விடுமுறை வந்தால் திட்டம் கவிழும், நாட்காட்டியை முதலிலேயே பாருங்கள். முதலில் எந்த நாட்டு விமான நிலையத்தில் இறங்குகிறீர்களோ அங்கேதான் சோதனை; படிவத்தில் அந்நாட்டு மொழியும் இருக்க வேண்டும். அசல் காகிதங்கள் உங்கள் கையில், நகல் ஒரு தொகுப்பு கூண்டின் மேல் ஒட்டிய உறையில்.

விமான நிறுவனத்தை இனிப் பார்ப்போம். விலங்கு மூன்று வழியில் போகும்: உங்கள் காலடியில் கேபினில், நீங்கள் போகும் விமானத்தின் கீழறையில் கூடுதல் சாமானாக, அல்லது தனிக் கார்கோவாக. கேபினில் பல நிறுவனங்கள் பையோடு சேர்த்து 8 கிலோ வரை விடுகின்றன. சில நிறுவனங்கள் கேபினில் விலங்கையே ஏற்பதில்லை. பிரிட்டனுக்குள் வரும் பூனையும் நாயும் கார்கோவாகத்தான் வர முடியும், உதவி நாய்க்கு மட்டும் விலக்கு. ஒரு விமானத்தில் இத்தனை விலங்குதான் என்று வரம்பு உண்டு. ஆகவே இணையத்தில் டிக்கெட் எடுத்துவிட்டுப் பிறகு கேட்காதீர்கள். போனில் பேசி விலங்குக்கு இடம் உறுதி செய்து, அது எழுத்தில் வந்த பிறகு உங்கள் டிக்கெட். டிக்கெட்டில் ஒரு நிறுவனத்தின் பெயரும் பறப்பது இன்னொருவர் விமானமும் என்றால், பறப்பவரின் விதிதான் செல்லும். மாறும் விமானத்துக்கு ஒன்றரை மணி நேரம்தான் இடைவெளி என்றால் உங்கள் பெட்டி வந்து சேரலாம், நாய் வராது. நேர் விமானம் இருந்தால் கொஞ்சம் அதிகம் கொடுத்தாவது அதை எடுங்கள்.

கார்கோ கட்டணம் எடைக்கு என்று நினைப்பார்கள், அடைக்கும் இடத்துக்கும் கணக்கு உண்டு. நீளம், அகலம், உயரம் சென்டிமீட்டரில் பெருக்கி 6000ஆல் வகுத்தால் வருவது கன எடை. அது நிஜ எடையைவிட அதிகமென்றால் அதற்குத்தான் காசு. 102, 69, 76 அளவுள்ள கூண்டு 89 கிலோ கணக்காகிறது, உள்ளே இருக்கும் நாய் 30 கிலோ என்றாலும். அதற்காகச் சின்னக் கூண்டில் திணிக்க முடியாது, ஐயாட்டா (சர்வதேச விமான நிறுவனங்களின் சங்கம்) விதி நிற்கிறது.

அளவெடுக்கும் முறை: மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை ஒரு நீளம், தரையிலிருந்து முழங்கை மூட்டு வரை ஒரு உயரம், தோள்களின் அகலம், நிற்கும்போது தலை உச்சி அல்லது நிமிர்ந்த காது நுனி வரை ஒரு உயரம். கூண்டின் உள்நீளம், முதல் அளவோடு முழங்கை உயரத்தில் பாதி. அகலம், தோளகலத்தின் இரட்டை. உயரம், கடைசி அளவோடு விரிப்பின் கனம். நாய் 80, 40, 22, 62 என்று வந்தால் கூண்டு 100 நீளம், 44 அகலம், விரிப்பு 3 சேர்த்து 65 உயரம். படுத்த நிலையில் அளக்காதீர்கள். மேல் பாதியும் கீழ்ப் பாதியும் பிளாஸ்டிக் கிளிப்பில் நிற்கும் கூண்டைப் பல இடத்தில் ஏற்கமாட்டார்கள்; இரும்பு போல்ட்டும் நட்டும் போட்டு இறுக்குங்கள். சக்கரம் இருந்தால் கழற்றுங்கள். நான்கு பக்கமும் காற்றுத் துளை, கதவைத் திறக்காமல் வெளியிலிருந்து நிரப்பும்படி தண்ணீர்க் கிண்ணம், 2.5 சென்டிமீட்டருக்குக் குறையாத எழுத்தில் உயிருள்ள விலங்கு என்ற ஒட்டி, மேல்பக்கம் காட்டும் அம்புக்குறி. பூட்டுப் போடாதீர்கள், அவசரத்தில் ஊழியர் திறக்க வேண்டும்.

கூண்டை ஆறு வாரம் முன்பே வாங்கச் சொல்லுங்கள். முதல் வாரம் கதவில்லாமல் ஹாலில் கிடக்கட்டும், சாப்பாடு உள்ளேதான். பிறகு கதவைச் சாத்தி ஐந்து நிமிடம், அரை மணி, ஒரு இரவு. இதில் அம்மா பொறுமையாக இருந்தால் பாதி வேலை முடிந்தது. வீட்டிலேயே கூண்டில் தூங்கிப் பழகிய நாய் கீழறையிலும் தூங்கும். அந்த அறை அழுத்தமும் வெப்பமும் காக்கப்பட்டதுதான், இருட்டும் சத்தமும்தான் புதிது.

மாத்திரைக்கு வருகிறேன். மயக்க மருந்து ரத்த அழுத்தத்தைக் குறைக்கும், உடல் தன் வெப்பத்தைச் சரிசெய்துகொள்ளும் திறனைக் கெடுக்கும், கூண்டு சாயும்போது நின்று சமாளிக்க விடாது. கீழறையில் பார்த்து உதவ ஆள் கிடையாது. மருந்து கொடுத்ததாகத் தெரிந்தால் பல நிறுவனங்கள் ஏற்றவே மாட்டா. மிகவும் பயப்படும் பூனைக்கு மருத்துவர் பதற்றம் தணிக்கும் காபாபென்டின் எழுதித் தரலாம். அதையும் பயணத்துக்கு வெகு முன்பே வீட்டில் ஒரு நாள் கொடுத்துப் பார்த்துவிட்டுத்தான். மூக்கு சப்பையான பக், பிரெஞ்சு புல்டாக், பெர்சியன் பூனை போன்றவற்றின் கதை வேறு: மூச்சுப் பாதை குறுகல், மூச்சிரைத்துத்தான் உடம்பைக் குளிர்விக்கும் இவை வெப்பத்தில் சீக்கிரம் திணறும். பல நிறுவனங்கள் கீழறையில் ஏற்பதே இல்லை. எந்த இனமானாலும் கோடையில் நண்பகல் விமானம் வேண்டாம். ஏறும் இடத்திலோ இறங்கும் இடத்திலோ 29 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் மறுக்கும் நிறுவனங்கள் உண்டு. ஆபத்து பறக்கும்போது அல்ல, தார்த்தளத்தில் கூண்டு காத்து நிற்கும் அரை மணியில்.

பயண நாளில் விமானத்துக்கு நாலிலிருந்து ஆறு மணி நேரம் முன்பு லேசான சாப்பாடு, அதோடு சரி. தண்ணீரை நிறுத்தாதீர்கள். கிண்ணத்தில் முந்தின இரவே தண்ணீரை உறைய வைத்தால் ஏற்றும்போது சிந்தாது, பிறகு மெல்ல உருகும். வாய்க்கட்டு போடக்கூடாது. கதவின் நாலு மூலையிலும் கட்ட நைலான் டை எடுத்துப் போங்கள். சோதனையில் வெட்டுவார்கள், ஆகவே கூடுதலாக எட்டு.

பாதுகாப்புச் சோதனையில் பை எக்ஸ்ரேக்குள் போகும், பூனையைக் கையில் தூக்கிக்கொண்டு நீங்கள் உலோகச் சோதனைச் சட்டகத்தைக் கடக்க வேண்டும். பூனைகள் தப்புவது இந்த ஒரு நிமிடத்தில்தான். உடம்போடு இறுகும் ஹார்னஸை வீட்டிலேயே மாட்டிப் பழக்குங்கள், வார் உங்கள் மணிக்கட்டில். கதவு மூடிய தனி அறை கேட்டால் பெரும்பாலும் தருவார்கள். கேட்கத் தயங்காதீர்கள்.

இறங்கியதும் சுங்கத்தில் சிவப்புப் பாதை. அறிவிக்காமல் பச்சையில் நழுவினால் எல்லாக் காகிதமும் சரியாக இருந்தும் குற்றமாகிவிடும். வீட்டுக்கு வந்தபின் பூனையை ஒரே அறையில் மணல் தட்டோடு விடுங்கள். ஒரு நாள் சிறுநீர் போகாவிட்டால், அதிலும் ஆண் பூனை என்றால், காத்திராமல் மருத்துவரிடம். இரண்டு நாள் ஒன்றும் தின்னாத பூனைக்கு ஈரல் கெடலாம், அதையும் கவனியுங்கள். நாய் தின்னும், உறக்கம்தான் தலைகீழாக இருக்கும். அந்த வாரத்திலேயே சிப் எண்ணை உள்ளூர்ப் பதிவேட்டில் உங்கள் இப்போதைய போன் எண்ணோடு பதிந்துவிடுங்கள்.