தெருவில் போகிறவர்களைப் பார்த்துக் குரைக்கும் நாய்

கேள்வி: காரைக்குடி பக்கம் எங்கள் பூர்வீக வீட்டில் 2 வயது நாட்டு நாய் இருக்கிறது. தெருவில் யார் போனாலும் முகப்புக்கு ஓடிக் குரைக்கிறது. கண்டுகொள்ளாமல் இருந்து பார்த்தோம், கூடித்தான் போனது. அப்பத்தா மட்டும் அவ்வப்போது முறுக்கைப் போட்டு அடக்குவார். என்ன செய்யலாம்?

பதில்: கண்டுகொள்ளாமல் இருப்பது, நம் கவனத்துக்காகக் குரைக்கும் நாய்க்குத்தான் மருந்து. உங்கள் நாய் உங்களிடம் எதையும் கேட்கவில்லை. பால்காரர் வருகிறார், அது குரைக்கிறது, அவர் போய்விடுகிறார். அவர் எப்படியும் அடுத்த வீட்டுக்குப் போக வேண்டியவர். அது நாய்க்குத் தெரியுமா? தான் விரட்டியதாகத்தான் அதன் கணக்கு. குரைப்புக்கான கூலி அங்கேயே கிடைத்துவிடுகிறது.

முதலில் அந்தக் கூலியை நிறுத்துங்கள். முகப்புக் கம்பிக்கதவில் நாயின் தலைக்கு மேல் வரை மூங்கில் தட்டி கட்டுங்கள். பால், பேப்பர், கூரியர் வரும் நேரத்தில் அது இரண்டாம் கட்டில் இருக்கட்டும், நடுக்கதவு சாத்தியிருக்கட்டும். உங்கள் ஊர்ப் பக்கம் பல வீடுகளுக்குப் பின்வாசல் அடுத்த தெருவில் திறக்கும். அதை மறந்தால், முகப்பில் விட்டதை அங்கே போய்ப் பிடித்துக்கொள்ளும்.

அப்புறம்தான் பயிற்சி. வீட்டில் ஒருவர் தெருவில் தள்ளி நடக்கட்டும்; நாய் பார்க்கும், ஆனால் இன்னும் குரைக்காத தூரத்தில். உடனே கூப்பிட்டு, பட்டாலையில் விரித்த சாக்கில் படுக்க வைத்து, உப்பில்லாமல் அவித்த கோழித் துணுக்கு ஒன்று கொடுங்கள். தூரத்தை மெல்லக் குறையுங்கள். குரைத்துவிட்டால் தூரம் போதவில்லை, அவ்வளவுதான். அதட்டாதீர்கள்.

சரி, அப்பத்தா விஷயம். எப்போதாவது கிடைக்கும் கூலிதான் பழக்கத்தை இறுக்கிப் பிடிக்கும். உளவியலாளர் ஸ்கின்னர் புறாக்களை வைத்துச் செய்த சோதனைகளில், பொத்தானைக் கொத்தும்போதெல்லாம் தீனி பெற்ற புறா, தீனி நின்றதும் சீக்கிரமே ஓய்ந்தது. எப்போதாவது பெற்று வந்த புறா வெகுநேரம் கொத்திக்கொண்டே இருந்தது. ஒன்பது முறை கறாராக இருந்து பத்தாவது முறை விட்டுக்கொடுத்தால், நாய்க்கு விடாப்பிடியைத்தான் கற்றுக்கொடுக்கிறோம். முறுக்கு நின்றதும் சில நாள் குரைப்பு கூடும். மனம் இரங்கக் கூடாத நேரம் அதுதான். அப்பத்தாவிடம் மல்லுக்கட்ட வேண்டாம். கோழித் துணுக்கை அவர் கையிலேயே கொடுத்து, சாக்கில் படுத்த பிறகு போடச் சொல்லுங்கள்.

முன்னோருக்குப் படைக்கும் படைப்பு, கல்யாணம் என்று பங்காளிகள் கூடும் நாளில் இதையெல்லாம் யாரும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அன்று பயிற்சியே வேண்டாம். பின்கட்டு அறையில் ஃபேனைப் போட்டு, தண்ணீரும் கடிக்க ஒரு ரப்பர் பொம்மையும் வைத்துக் கதவைச் சாத்திவிடுங்கள்.