நெக் பிரேஸ் வாங்கும் முன்: ஹெல்மெட்டைக் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள்

உடுமலைப்பேட்டையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "எக்ஸ்பல்ஸ் 200 பைக் வைத்திருக்கிறேன், வயது 36. ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்கள் இரண்டு பேரோடு மண்மேடு, கல் பாதை என்று ஆஃப்ரோடு ஓட்டப் பழகுகிறேன். போன மாதம் ஒரு இறக்கத்தில் முன்சக்கரம் மாட்டி ஹேண்டிலுக்கு மேலே பறந்து விழுந்தேன். இரண்டு நாள் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. ஒரு கடையில் 1,800 ரூபாய்க்கு நெக் பிரேஸ் காட்டினார்கள், இன்னொருவர் வெளிநாட்டுச் சரக்கு என்று 28,000 கேட்கிறார். பிரேஸ் போட்டால் காலர்போன் (கழுத்துக்குக் கீழே தோளுக்குப் போகும் எலும்பு) உடையும் என்றும் நண்பர்கள் சொல்கிறார்கள். எனக்குக் கழுத்து வேறு குட்டை. எதை வாங்கலாம் அண்ணா?"

முதலில் அந்த இரண்டு நாள் விஷயம். விழுந்த பிறகு கழுத்து திரும்பவில்லை என்றால் தைலம் தேய்த்துக்கொண்டு அடுத்த ஞாயிறு கிளம்பிவிடக் கூடாது. கையில் மரத்துப்போன உணர்வு, விரலில் ஊசி குத்துவது போல இருப்பது, கிளட்ச் பிடிக்கும்போது பிடியில் பலக்குறைவு, இதில் ஏதாவது ஒன்று அப்போது இருந்திருந்தாலும் எலும்பு மருத்துவரைப் பாருங்கள். அவர் சரி என்று சொன்ன பிறகு வண்டியை எடுங்கள். ஏற்கெனவே பட்ட அடிக்குப் பிரேஸ் மருந்தாகாது.

இப்போது 1,800 ரூபாய் சமாச்சாரம். அந்த விலைக்கு உங்களுக்குக் காட்டியது பெரும்பாலும் ஃபோம் காலராகத்தான் இருக்கும், கோ-கார்ட் ஓட்டுகிறவர்கள் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொள்வார்களே, அது. அதை நெக் பிரேஸ் என்று சொல்லி விற்பது எனக்கு ஆறாத கோபம். பத்து வருடத்துக்கு மேலாக டிரெயில், அதாவது கரடுமுரடான மண் பாதையில் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன், அதற்கு முன்னால் உள்ளூர்ப் பந்தயங்களில் ஓட்டுகிறவர்களின் ஹெல்மெட், ஆர்மர் (உடம்புக் கவசம்) எல்லாம் சரிபார்க்கும் வேலையும் செய்தேன். ஃபோம் காலரைப் போட்டுக்கொண்டு "எனக்கு நெக் பிரேஸ் இருக்கிறது" என்று நம்பி நிற்கிற பையன்களை அங்கே வாராவாரம் பார்த்திருக்கிறேன். இன்னும் சிலர் மெடிக்கல் ஷாப்பில் கழுத்து வலிக்குக் கொடுக்கும் சர்விகல் காலரைக் கட்டிக்கொண்டு வருவார்கள். அது நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவருக்கு உதவும் பொருள், வண்டியில் போகிறவருக்கு இல்லை.

ஏன் என்று கொஞ்சம் சொன்னால்தான் கடைக்காரர் பேச்சில் நீங்கள் விழமாட்டீர்கள். தலை கிட்டத்தட்ட ஐந்து கிலோ, அதன் மேல் ஹெல்மெட் ஒன்றேகால், ஒன்றரை கிலோ. பறந்து போய்த் தலை முதலில் தரையில் பட்டால் தலை நின்றுவிடுகிறது, பின்னால் வருகிற உடம்பு நிற்பதில்லை. நடுவில் மாட்டிக்கொள்வது கழுத்து. அங்கே இருக்கிற ஏழு எலும்புகளுக்குள்ளேதான் கைகால் அசைவதற்கும் மூச்சு விடுவதற்குமான நரம்புகள் போகின்றன. தலை அளவுக்கு மீறி மடங்கும் முன்னால் ஹெல்மெட்டின் கீழ் விளிம்பு கெட்டியான ஒரு தளத்தில் போய் உட்கார வேண்டும், அந்தத் தளம் வாங்குகிற பாரம் கழுத்துக்குப் போகாமல் நெஞ்சு, முதுகு, தோள் என்று இறங்க வேண்டும். கூரைப் பாரத்தை உத்தரம் சுவரில் இறக்குகிற மாதிரி. நெக் பிரேஸின் வேலை முழுக்க இவ்வளவுதான். தென்னாப்பிரிக்க மருத்துவர் கிறிஸ் லியாட், 2001-ல் சக ஓட்டுநர் ஒருவர் விழுந்து இறந்ததை நேரில் பார்த்த பிறகு செய்யத் தொடங்கியதும் இதைத்தான். இன்று அல்பைன்ஸ்டார்ஸ், அட்லஸ் போன்ற நிறுவனங்கள் செய்வதும் வடிவத்தில் வேறுபட்டாலும் அடிப்படையில் இதேதான். ஆக, கையில் எடுத்துப் பாருங்கள். விரலால் அழுத்தினால் அமுங்குகிறதா? நெஞ்சுக்கும் முதுகுக்கும் இறங்குகிற கெட்டியான கால்கள் இல்லையா? அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுங்கள், விலை எவ்வளவு குறைத்தாலும் சரி.

காலர்போன் பயம் சும்மா கிளம்பியது இல்லை. ஆனால் முழுக் கதை வேறு. காலர்போன் பெரும்பாலும் உடைவது தோள் தரையில் அடிபடும்போதும், கையை ஊன்றி விழும்போதும். அதற்கும் பிரேஸுக்கும் சம்பந்தமே இல்லை. தலை பக்கவாட்டில் மடங்கும்போது ஹெல்மெட்டின் விளிம்பே இறங்கி அந்த எலும்பை அடிப்பதும் உண்டு, பிரேஸ் இல்லாவிட்டாலும் அது நடக்கும். நல்ல பிரேஸில் அந்த எலும்புக்கு மேலே வரும் இடம் குடைந்தெடுத்த மாதிரி இருக்கும், அதாவது எலும்பைத் தொடாமல் பாலம் போல அதைத் தாண்டிப் போகும். அளவு தப்பான பிரேஸை மாட்டினால் அந்தப் பாலம் எலும்பின் மேலேயே உட்கார்ந்துவிடும், அப்போது உடையவும் கூடும். போட்டுக்கொண்டு இரண்டு பக்கமும் விரலை விட்டுத் தடவிப் பாருங்கள், எலும்புக்கும் பிரேஸுக்கும் நடுவே இடம் இருக்க வேண்டும்.

இதனால்தான் "ஃப்ரீ சைஸ் சார், எல்லாருக்கும் செட் ஆகும்" என்கிற ஆளிடம் வாங்கவே வாங்காதீர்கள். நெஞ்சுச் சுற்றளவை டேப் வைத்து அளக்காமல் பிரேஸ் விற்கிறவருக்குத் தான் விற்பது என்னவென்றே தெரியாது என்று அர்த்தம். நீங்கள் உங்கள் ஹெல்மெட், நெஞ்சு-முதுகு ஆர்மர் இரண்டையும் எடுத்துக்கொண்டு போய், மூன்றையும் சேர்த்துப் போட்டுப் பாருங்கள். முடிந்தால் உங்கள் வண்டியின் மேலேயே ஏறி, ஃபுட்பெக்கில் (கால் வைக்கும் கட்டையில்) எழுந்து நின்று, முழங்கையைத் தூக்கி, முன்னால் முப்பது அடி தூரத்தில் இருக்கும் தரையைப் பாருங்கள். ஹெல்மெட்டின் பின்பக்கம் பிரேஸில் இடிக்கக் கூடாது. அப்புறம் மெதுவாகத் தலையை முன்னால், பின்னால், இரு பக்கமும் சாயுங்கள். கழுத்து வலிக்கிற எல்லைக்குப் போகும் முன்பே ஹெல்மெட் விளிம்பு பிரேஸின் மேல் தட்டையாக உட்கார வேண்டும், வழுக்கி உள்ளே போனால் அந்த ஹெல்மெட்டும் அந்தப் பிரேஸும் ஜோடி சேராது. பிரேஸின் முதுகுக் கால் ஆர்மரின் மேல் விளிம்பில் ஏறிக்கொண்டு ஆடினாலும் அதே பதில். முதுகில் மாட்டும் தண்ணீர்ப் பையின் பட்டை பிரேஸுக்கு அடியில் போகக் கூடாது.

குட்டைக் கழுத்துக்கு வருகிறேன். உங்களை மாதிரி ஆட்களுக்கு முதல் முறை போட்டதும் தலையே அசையாத மாதிரி இருக்கும், ஏற்றத்தில் மேலே பார்க்க முடியாது, உடனே கழற்றி வீசிவிடுவார்கள். பல பிரேஸ்களில் உள்ளே இருக்கும் பேடை மெல்லியதாக மாற்றலாம், முதுகுக் காலின் கோணத்தையும் மாற்றலாம். கடையில் அதை உட்கார்ந்து செய்து கொடுக்கிற ஆள் இருக்கிறாரா என்று பாருங்கள், அந்த அரைமணி நேரத்துக்குத்தான் நீங்கள் காசு கொடுக்கிறீர்கள். எல்லாம் மாற்றியும் நிற்கும்போது இடித்துக்கொண்டே இருந்தால் அந்த மாடலை விட்டுவிட்டு உயரம் குறைந்த வேறு மாடலைப் போட்டுப் பாருங்கள்.

28,000 கேட்கிறவர் விஷயத்தில் எனக்கு இரண்டு சந்தேகம். ஒன்று, பெட்டியும் பில்லும் இருக்கிறதா? விழுந்து அடிவாங்கிய பிரேஸை "ஒரே ஒரு ரைடு போட்டது" என்று துடைத்து விற்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு பையன் அப்படி வாங்கிவந்ததைக் கழற்றிப் பார்த்தபோது பேடுக்கு அடியில் மயிரிழை மாதிரி விரிசல், மேலே ஸ்டிக்கர் ஒட்டி மறைத்திருந்தார்கள். விற்றவர் அப்புறம் போனையே எடுக்கவில்லை. எல்லா பேடையும் கழற்றி, நல்ல வெளிச்சத்தில் வளைத்துப் பாருங்கள். இரண்டாவது, சிஇ முத்திரை, அதாவது ஐரோப்பியப் பாதுகாப்பு விதிகளுக்கு ஒத்துப்போகிறது என்று காட்டும் குறி. "சிஇ இருக்கு சார்" என்றால் உடனே தலையாட்டாதீர்கள். தனியாக விற்கும் நெக் பிரேஸில் இஎன் 1621-2 என்று போட்டிருந்தால் சந்தேகப்படுங்கள், அது முதுகு ஆர்மருக்கான எண். நெக் பிரேஸுக்கு ஐரோப்பாவில்கூட ஒவ்வொரு நிறுவனமும் தன் சோதனை முறையை எழுதி, அங்கீகாரம் பெற்ற ஒரு அமைப்பிடம் காட்டித்தான் சிஇ வாங்குகிறது. அதனால் முத்திரையோடு கையேடும் தயாரிப்பாளர் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும், வெறும் ஸ்டிக்கரை யார் வேண்டுமானாலும் அச்சடிப்பார்கள்.

நம் நாட்டு நிலைமையைச் சொன்னால் எனக்கு எரிச்சல்தான் வரும். ஹெல்மெட்டுக்கு ஐஎஸ் 4151 என்று தரம் இருக்கிறது, 2021 ஜூன் 1 முதல் ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத ஹெல்மெட்டை விற்பதே குற்றம். அப்படியும் சாலையோரத்தில் போலி ஐஎஸ்ஐ தொங்குகிறது. நெக் பிரேஸ், ஆர்மர் என்று வந்தால் கேட்பாரே இல்லை. யார் எதை வேண்டுமானாலும் பாதுகாப்புச் சாதனம் என்று பெயர் ஒட்டி விற்கலாம், நல்ல பொருளை ஒழுங்காக வரி கட்டிக் கொண்டுவருகிறவர்தான் விலையைச் சொல்லவே தயங்கி நிற்கிறார். கழுத்து உடைந்த பிறகு ஆகும் மருத்துவமனைச் செலவை யாராவது கணக்குப் பார்த்திருந்தால் இப்படி விட்டிருப்பார்களா?

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் யாரும் வண்டியை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போவதில்லை, வீட்டிலிருந்தே ஓட்டிக்கொண்டு போகிறோம். ஹைவேயில் பிரேஸ் போடலாமா? நிமிர்ந்து உட்காரும் எக்ஸ்பல்ஸ் மாதிரி வண்டியில் போடலாம். ஆனால் கழுத்தைத் திருப்பிப் பின்னால் வருகிற பஸ்ஸைப் பார்க்கிற அளவு குறையும், அதைக் கண்ணாடியால் மட்டும் ஈடுகட்ட முடியாது. இடுப்பையும் தோளையும் சேர்த்துத் திருப்பிப் பார்க்கப் பழக வேண்டும், காலி ரோட்டில் பத்து நாள் பழகிவிட்டுப் பைபாஸுக்குப் போங்கள். குனிந்து ஓட்டுகிற ஸ்போர்ட்ஸ் பைக் என்றால் வேண்டாம், அதில் பார்வைக்காகத் தலையைப் பின்னால் தூக்கியே வைத்திருப்பீர்கள், ஹெல்மெட் பிரேஸின் மேலேயே உட்கார்ந்துகொண்டு சாலையைப் பார்க்கவிடாது. நண்பருடைய ஸ்போர்ட்ஸ் பைக்கை மாற்றி ஓட்டும் பழக்கம் இருந்தால் அன்றைக்குக் கழற்றிவிடுங்கள். வழியில் கழற்றினால் பின் சீட்டில் பஞ்சி (எலாஸ்டிக்) கயிற்றால் இறுக்கிக் கட்டாதீர்கள், பிரேஸ் வளைந்துவிடும். பைக்குள் தனியாக வையுங்கள்.

விழும்போது காற்று நிரம்பி உப்புகிற ஏர்பேக் வெஸ்ட் பற்றியும் கேட்கிறார்கள். பாலைவனத்தில் நடக்கும் டக்கார் ராலிப் பந்தயத்தில் 2021 முதல் பைக் ஓட்டுகிறவர்களுக்கு அது கட்டாயம். ஆனால் வண்டியோடு கயிறு கட்டும் வகை டிரெயிலுக்கு ஒத்துவராது, தினமும் நாலு தடவை மெதுவாகச் சாய்கிற இடத்தில் கயிற்றைக் கழற்ற மறந்துபோய் இறங்கினாலே உப்பிவிடும். ஏர்பேக்கையும் பிரேஸையும் சேர்த்துப் போடுவதும், இரண்டையும் செய்த நிறுவனம் எழுத்தில் சரி என்று சொன்னால் மட்டும்தான்.

ஆக, உங்கள் நிலையில் நான் இருந்தால் ஒழுங்கான ஹெல்மெட், நெஞ்சு-முதுகு ஆர்மர் இரண்டும் முதலில், பிரேஸ் மூன்றாவது. இந்த மாதம் காசு போதவில்லை என்றால் 1,800 ரூபாய்ப் பொருளை வாங்காமல் அந்தப் பணத்தை எடுத்து வையுங்கள், அதுவரை அந்த இறக்கத்தை விட்டுவிட்டுச் சமதளத்தில் எழுந்து நின்று ஓட்டப் பழகுங்கள்.

வாங்கிய பிறகு, கூட வருகிற இரண்டு நண்பர்களையும் உட்காரவைத்து, பிரேஸைத் திறக்கும் கிளிப் எது என்று அவர்கள் கையாலேயே நாலு தடவை திறக்கச் சொல்லுங்கள். நீங்கள் விழுந்து கிடந்தால் மூச்சு இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். இருந்தால் ஹெல்மெட்டை உருவக் கூடாது, உட்காரவைத்துத் தண்ணீர் கொடுக்கவும் கூடாது. ஒருவர் தலையை இரு கையாலும் அசையாமல் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் 108-ஐக் கூப்பிட வேண்டும். ஆம்புலன்ஸ் ஆட்களில் பலர் இப்படி ஒரு பிரேஸைப் பார்த்திருக்கவே மாட்டார்கள், கிளிப் எங்கே இருக்கிறது என்று அவர்களுக்குக் காட்ட வேண்டியதும் உங்கள் நண்பர்கள்தான்.