இளவரசர் ஹாரி 25 பேரைக் கொன்றதாகத் தன் புத்தகத்தில் பெருமையடித்துக்கொண்டாரா?

இல்லை. எண்ணிக்கையைச் சொன்னது அவர்தான். 'பெருமை' என்பதைச் சேர்த்தது பத்திரிகைகள்.

பிரிட்டன் இளவரசர் ஹாரியின் தன்வரலாறான 'ஸ்பேர்' 2023 ஜனவரி 10 அன்று வெளிவர இருந்தது. ஸ்பெயினில் சில கடைகள் அதற்குச் சில நாட்கள் முன்பே விற்கத் தொடங்கிவிட்டன. நிருபர்கள் அந்த ஸ்பானிஷ் பதிப்பை வாங்கி, அவசர அவசரமாக மொழிபெயர்த்து, சூடான வரிகளை மட்டும் உருவித் தலைப்பாக்கினார்கள். ஒப்பிட்டுப் பார்க்க ஆங்கிலப் புத்தகம் வாசகர் கையில் இல்லை. அது வந்தபோது கருத்து ஏற்கெனவே பதிந்துவிட்டது.

அவர் எழுதியது என்ன? ஆப்கானிஸ்தான் போரில் அப்பாச்சி என்ற தாக்குதல் ஹெலிகாப்டரில் இருந்தபோது தான் கொன்றவர்களின் கணக்கு 25 என்கிறார். அதோடு சேர்த்தே, அந்த எண் தனக்கு நிறைவு தரவில்லை, வெட்கமும் தரவில்லை என்கிறார். எதிரியை மனிதனாகப் பார்த்தால் கொல்ல முடியாது, அதனால் சதுரங்கக் காய்களாகப் பார்க்கப் பயிற்சி தந்தார்கள் என்றும், இப்படி விலகி நிற்பது சிக்கலானது என்பது தனக்குத் தெரிந்தே இருந்தது என்றும் எழுதுகிறார். பல செய்திகளில் காய்கள் இருந்தன, அந்தத் தயக்கம் காணாமல் போயிருந்தது.

எண்ணை வெளியிட்டிருக்கவே கூடாது என்று முன்னாள் ராணுவத்தினர் கண்டித்தார்கள். அது நியாயமான விமர்சனம், எனக்கும் அதில் உடன்பாடுதான். ஆனால் சொன்னதை விமர்சிப்பது வேறு, சொல்லாத தொனியை ஏற்றிவிட்டு அதற்காகத் திட்டுவது வேறு. பிறகு ஸ்டீவன் கோல்பேரின் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சியில், தன்னைப் பற்றிச் சொல்லப்பட்ட பொய்களிலேயே ஆபத்தானது, தான் பெருமையடித்ததாகச் சொன்ன இதுதான் என்றார் ஹாரி. குடும்பத்தின் பாதுகாப்பே கேள்விக்குறியாகும்போது அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது.